விண்வெளி சிமுலேட்டருக்கு முன்பணம் கட்டும் முன்

நிஜ விண்வெளிப் பயணத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எர்லி ஆக்சஸ், சப்போர்ட்டர் பேக் என்ற பெயர்களில் பாதி முடிந்த விளையாட்டுக்கு முழுப் பணம் வாங்கும் வழக்கம் இந்தத் துறையில் நன்றாக வேரூன்றிவிட்டது. நான் அப்படி ஒன்றுக்குப் பணம் கட்டினேன். சொன்ன விளையாட்டும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. அந்த ஸ்டூடியோவின் பெயரைப் போடவில்லை. அது ஒரு சிறு நிறுவனம். ஆனால் அவர்கள் செய்ததைப் பெரிய நிறுவனங்களும் செய்திருக்கின்றன, அதுதான் கவலை.

அவர்கள் காட்டியது இது: உண்மை அளவில் சூரியக் குடும்பம். நாம் உட்கார்ந்து ஓட்டும் கேப்ஸ்யூலுக்குள் இருக்கும் ஒவ்வொரு சுவிட்சும் வேலை செய்யும். முதலில் பூமியைச் சுற்றும் ஒரு விண்வெளி நிலையத்தில் டாக்கிங் (கலத்தை நிலையத்தோடு இணைப்பது), அடுத்த கட்டத்தில் நிலா. அவர்களுடைய சொந்தத் தளத்தில் கார்டு மூலம் டாலரில் கட்ட வேண்டும். கொஞ்சம் கூடுதல் விலை பேக்கில் நிலா பகுதி வெளியானதும் தனியாகக் கட்ட வேண்டியதில்லை என்றார்கள். அதைத்தான் வாங்கினேன்.

வந்ததைச் சொல்கிறேன். கேப்ஸ்யூலின் உள்பக்கம் அவ்வளவு அழகு. சுவிட்சின் ஓரத்தில் பெயின்ட் தேய்ந்திருப்பது வரை வரைந்திருந்தார்கள். ஆக்சிஜன் பேனலில் இரண்டு சப்ளை வால்வுகள் உண்டு. இரண்டையும் மூடினேன். டக் என்று சத்தம் வந்தது, பச்சை விளக்கு மஞ்சளானது. கேபின் அழுத்தம் காட்டும் முள் அசையவே இல்லை. விளையாட்டில் நேரத்தை வேகமாக ஓட்டும் டைம் வார்ப்பில் நாட்களை ஓட்டினேன், முள் அதே இடத்தில். பேட்டரியைத் துண்டித்தால் மானிட்டர் அணையவில்லை. சுவிட்சுக்கும் விளக்குக்கும் மட்டும்தான் தொடர்பு இருந்தது, அதற்குப் பின்னால் ஒரு சிஸ்டமும் இல்லை.

டாக்கிங் இன்னும் மோசம். தூரத்தில் நிலையம் அழகாக மிதக்கும். கடைசிச் சில மீட்டரில் கலம் குலுங்க ஆரம்பிக்கும். இதோ தொடப்போகிறோம் என்னும்போது நிலையம் அரை மீட்டர் தள்ளிப் போய் நிற்கும். கன்ட்ரோலர் கோளாறு என்று பலர் நினைத்தார்கள். கணக்குக் கோளாறு என்பது என் ஊகம். கேம் எஞ்சின்கள், அதாவது விளையாட்டுகளுக்கு அடித்தளமான மென்பொருள்கள், பொருள்களின் இடத்தைப் பொதுவாக 32 பிட் தசம எண்ணில் வைத்துக்கொள்கின்றன. ஒரு ஊர், ஒரு காடு என்றால் அது தாராளம். ஆனால் 400 கி.மீ. உயரத்தில் பறக்கும் கலம் பூமியின் மையத்திலிருந்து கிட்டத்தட்ட 67.8 லட்சம் மீட்டர் தள்ளி இருக்கிறது. அந்த அளவு எண்ணில் 32 பிட்டால் பிரித்துக் காட்ட முடிகிற மிகச் சிறிய இடைவெளி அரை மீட்டர். நிலா தொலைவுக்குப் போனால் அதுவே 32 மீட்டராகிவிடும். டாக்கிங் சென்டிமீட்டர் கணக்கில் நடக்கிற வேலை. நிலாவுக்குப் பணம் வாங்கியவர்கள் இந்தக் கணக்கையே முடிக்கவில்லை என்று தோன்றியபோதுதான் எனக்குக் கோபம் வந்தது.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. ராக்கெட் கட்டிப் பறக்கவிடும் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற விளையாட்டின் ஆரம்பப் பதிப்புகளில் கலம் வேகம் எடுத்தால் காரணமே இல்லாமல் குலுங்கிச் சிதறும். ரசிகர்கள் அதற்கு 'கிராக்கன்' என்று ஒரு கதைக் கடல் அரக்கனின் பெயரே வைத்தார்கள். கணக்கின் மையத்தைக் கலத்தோடு சேர்த்து நகர்த்தி அதைப் பெருமளவு அடக்கினார்கள். சுற்றுப்பாதைக் கணக்கை இன்னும் துல்லியமான 64 பிட்டில் வைத்துக்கொண்டு திரையில் காட்டுவதற்கு மட்டும் சிறிய எண்ணாக மாற்றுவது வழக்கம். ஆனால் இதை முதலிலேயே செய்துவிட வேண்டும். கேப்ஸ்யூல், நிலையம், டாக்கிங் என்று எல்லாம் எழுதி முடித்த பிறகு இதை நுழைக்கப் போனால் பாதிக்கு மேல் திரும்ப எழுத வேண்டிவரும்.

நான் எழுதிக் கேட்டதற்கு "அடுத்த அப்டேட்டில்" என்று பதில் வந்தது. அடுத்த அப்டேட்டில் விண்வெளி உடைக்குப் புது நிறங்கள் வந்தன. அப்புறம் செவ்வாய் கிரகத்தின் டிரெய்லர் ஒன்று வந்தது, கூடவே புதிய பேக் ஒன்று விற்பனைக்கு. நிலா எங்கே என்று அவர்களுடைய டிஸ்கார்ட் அரட்டைக் குழுவில் கேட்டவர்களின் பதிவுகள் காணாமல் போயின. பிறகு டெவலப்பரே காணாமல் போனார். ரீஃபண்ட் கேட்டால், "நீங்கள் பதிவிறக்கி விளையாடியிருக்கிறீர்கள், பொருள் வழங்கப்பட்டுவிட்டது" என்று ஒரே வரி. வங்கியும் அதையே திருப்பிச் சொன்னது. புகார் கொடுப்பதற்கான காலக்கெடுவும் அதற்குள் தாண்டிவிட்டிருந்தது. அடுத்த அப்டேட், அடுத்த அப்டேட் என்று இழுத்தடித்ததில் கடைசியில் லாபம் அவர்களுக்குத்தான்.

சின்ன ஆள், பணம் தீர்ந்துபோயிருக்கும், பாவம் என்று சிலர் சொன்னார்கள். அப்படியானால் பணம் உள்ளவர்கள் கதையைப் பாருங்கள். கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் 2, டேக்-டூ என்ற பெரிய நிறுவனத்தின் பிரைவேட் டிவிஷன் என்ற பிரிவின் வெளியீடு. 2019 ஆகஸ்டில் அறிவித்தபோது 2020இல் வரும் என்றார்கள். நடுவில் முதலில் செய்துகொண்டிருந்த ஸ்டார் தியரி ஸ்டூடியோவிடமிருந்து வேலையை எடுத்து, அங்கிருந்த ஊழியர்களில் பலரைச் சேர்த்துக்கொண்டு இன்டர்செப்ட் கேம்ஸ் என்று சொந்த ஸ்டூடியோ தொடங்கினார்கள். ஸ்டார் தியரி மூடப்பட்டது. ஒருவழியாக 2023 பிப்ரவரி 24 அன்று எர்லி ஆக்சஸாக வந்தது, விலை 49.99 டாலர். முடிந்துபோன முதல் பாகத்தைவிட அதிக விலை, வசதிகளோ குறைவு. வளிமண்டலத்துக்குள் திரும்பும்போது கலம் சூடாகும் கணக்கு கூட அன்று இல்லை. எஞ்சினை அணைத்துவிட்டு மிதந்துகொண்டிருக்கும் கலத்தின் சுற்றுப்பாதை தானாக மாறுகிறது என்று விளையாடியவர்கள் புகார் சொன்னார்கள். சுற்றுப்பாதைதான் அந்த விளையாட்டின் உயிரே.

இனி என்னென்ன சேர்ப்போம் என்று அவர்கள் காட்டிய ரோட்மேப்பில் அறிவியல், குடியிருப்புகள், விண்மீன்களுக்கு இடையே பயணம், ஆய்வு, மல்டிபிளேயர் என்று வரிசையாக இருந்தன. 2023 டிசம்பரில் அறிவியல் மட்டும் வந்தது, வெப்பக் கணக்கும் அதோடுதான். 2024 வசந்தத்தில் சியாட்டிலில் 70 பேர் வேலை இழக்கப்போகிறார்கள் என்ற அறிவிப்பு வாஷிங்டன் மாநில அரசின் பதிவேட்டில் வெளியானது. ஸ்டூடியோ மூடப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் பிரைவேட் டிவிஷனையே டேக்-டூ விற்றுவிட்டது. வேலை நின்ற பிறகும் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் அந்த விளையாட்டு எர்லி ஆக்சஸ் என்ற அடையாளத்தோடு அதே முழு விலையில் விற்பனைக்கு இருந்தது. மூடியதை அறியாமல் பணம் கட்டி வந்தவர்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

எலீட் டேஞ்சரஸ் என்ற இன்னொரு விண்வெளி விளையாட்டின் விஷயத்தில் விளையாட்டு வந்தது, உண்மைதான். ஆனால் 2012இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் மக்களிடம் பணம் திரட்டும்போது இணையம் இல்லாமலும் விளையாடலாம் என்று சொல்லிவிட்டு, 2014 டிசம்பர் வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்பு அது கிடையாது என்றார்கள். அதை நம்பியே பணம் போட்டவர்கள் இருந்தார்கள்.

இந்த விளையாட்டுகளைப் பணம் போட்டுத் தாங்குவது கஷ்டம், அதை மறுக்கவில்லை. வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர், அவர்களும் ஒரே ஒரு முறைதான் பணம் கொடுக்கிறார்கள். வேலையோ வருடக்கணக்கில் போகிறது. முதல் வருட வசூல் தீர்ந்ததும், பழைய வாக்குறுதியை முடிக்கும் சம்பளம் புதிய ஆட்களின் பணத்திலிருந்துதான் வர வேண்டும். புதிய ஆட்களை இழுக்கப் புதிய வாக்குறுதி வேண்டும். செவ்வாய் டிரெய்லர் வருவது இப்படித்தான். 64 பிட் கணக்கை டிரெய்லரில் காட்ட முடியாது, தேய்ந்த பெயின்ட்டைக் காட்டலாம். அதனால் கண்ணுக்குத் தெரியாத வேலை தள்ளிப்போகிறது. காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சுமையை ஒன்றும் சொல்லாமல் நம் தலையில் கட்டுவதைத்தான் ஏமாற்று என்கிறேன்.

தாக்குப்பிடித்தவை எப்படித் தாக்குப்பிடித்தன என்று பார்த்தால் வித்தியாசம் தெரியும். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த மார்ட்டின் ஷ்வைகர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆர்பிட்டர் என்ற விண்வெளி சிமுலேட்டர் அன்றிலிருந்து இலவசம். 2021இல் அதன் மூல நிரலையும் திறந்துவிட்டார். சம்பளப் பட்டியலே இல்லாததால் மூடவும் எதுவும் இல்லை. கெர்பலின் முதல் பாகம் மெக்சிகோ சிட்டியில் ஸ்குவாட் என்ற விளம்பர நிறுவனத்தில் பிறந்தது. அங்கே வேலை பார்த்த ஃபெலிப்பே ஃபலாங்கேயின் யோசனைக்கு அந்த நிறுவனமே இடம் கொடுத்தது. 2011 ஜூனில் வந்த முதல் பொதுப் பதிப்பில் ராக்கெட் கட்டலாம், ஏவலாம், அவ்வளவுதான். ஆனால் அந்த அளவு வேலை செய்தது. மற்றவை அதன்மேல் ஒவ்வொன்றாக ஏறி 2015 ஏப்ரலில் 1.0 என்ற முழுப் பதிப்பு வந்தது. அதன் கோள்கள் நிஜத்தைவிட மிகச் சிறியவை, அதில் பூமியின் இடத்தில் இருக்கும் கெர்பினின் ஆரம் 600 கி.மீ.தான். ஒரு நேரத்தில் ஒரே கோளின் ஈர்ப்பைத்தான் கணக்கில் எடுக்கும். எல்லாக் கோள்களின் ஈர்ப்பையும் சேர்த்துக் கணக்குப் போடும் பிரின்சிபியா போன்ற மாட்களை (விளையாட்டோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்களை) தன்னார்வலர்கள் எழுதிக் கொடுத்தார்கள். முழு யதார்த்தம் என்று பெரிதாகப் பேசியவர்களைவிட, எதை விட்டுவிட்டோம் என்று வெளிப்படையாகக் காட்டியவர்கள் கடைசிவரை வந்தார்கள்.

ஆகவே கார்டை எடுக்கும் முன் ரோட்மேப்பை மூடிவைத்துவிட்டு, இன்றைக்குப் பதிவிறக்கினால் என்ன கிடைக்கிறது என்று மட்டும் கேளுங்கள். அந்த விலைக்கு அது போதுமா? ஸ்டூடியோவின் வீடியோவைப் பார்க்காமல், வெட்டாமல் ஒருவர் முழுதாக விளையாடிய வீடியோவைப் பாருங்கள். அதில் டாக்கிங்கின் கடைசி மீட்டர்களைக் கவனியுங்கள். டைம் வார்ப்புக்கு முன்னும் பின்னும் சுற்றுப்பாதை எண்கள் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்டேட் குறிப்புகளில் கணக்கு, அழுத்தம், வெப்பம் பற்றி வருகிறதா, உடையும் நிறமும்தான் வருகின்றனவா என்று படியுங்கள். அடிப்படை முடியாமல் அடுத்த கிரகத்தின் டிரெய்லர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

முடிந்தவரை ஸ்டீமிலேயே வாங்குங்கள், ஸ்டூடியோவின் சொந்தத் தளத்தில் வேண்டாம். நெடுநாள் அப்டேட் வராத எர்லி ஆக்சஸ் பக்கங்களில் ஸ்டீம் 2025 முதல் எச்சரிக்கை காட்டுகிறது, அதைத் தாண்டிப் போகாதீர்கள். வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் ரீஃபண்ட் உண்டு. இந்த வகை விளையாட்டுக்கு அந்த 2 மணி நேரம் போதவே போதாது. 400 கி.மீ. உயரத்தில் பூமியை ஒரு தரம் சுற்றவே 92 நிமிடம் ஆகும், செக்லிஸ்ட் படிப்பதற்கே அரை மணி நேரம் போய்விடும். அதனால் பயிற்சிப் பகுதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். திறந்ததும் நேராக டாக்கிங் போங்கள், வால்வை மூடிப் பாருங்கள், பேட்டரியைத் துண்டித்துப் பாருங்கள். 2 மணி நேரம் தாண்டியிருந்தாலும் கோரிக்கை போடுங்கள், விதிக்கு வெளியே இருப்பதையும் பரிசீலிப்போம் என்று ஸ்டீமே எழுதி வைத்திருக்கிறது. வேறு தளத்தில் கார்டில் கட்டியவர்கள் விற்பனைப் பக்கத்தையும் ரோட்மேப்பையும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், நான் வாங்கிய பேக்கின் பக்கத்தில் நிலா பற்றிய வரியையே பிற்பாடு எடுத்துவிட்டார்கள். வங்கியில் புகார் கொடுக்கக் கடைசித் தேதி எது என்று கேட்டுக் குறித்துவையுங்கள். "அடுத்த அப்டேட்" என்று பதில் வந்தால் அந்தத் தேதிவரை மட்டும் காத்திருங்கள்.