பக்கவாதத் தோள்வலி: எக்ஸ்ரேயா, அல்ட்ராசவுண்டா, எம்.ஆர்.ஐ.யா?

பக்கவாதம் வந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். கால் ஊன்றத் தொடங்கிவிட்டார், பேச்சும் தெளிந்துவருகிறது. சட்டை மாட்ட இடது கையைத் தூக்கினால் மட்டும் பல்லைக் கடிக்கிறார். பிசியோதெரபிஸ்டாக நான் வாரந்தோறும் பார்க்கும் காட்சி இது. குடும்பத்தார் கேட்பதும் ஒரே கேள்விதான்: எந்த ஸ்கேன் எடுக்கலாம்?

தோள்வலி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், காரணங்களோ பல. தசைகள் தளர்ந்து, கையின் எடையே மூட்டைக் கீழே இழுத்திருக்கலாம். தசை இறுகியிருக்கலாம், மூட்டு உறை சுருங்கியிருக்கலாம். கட்டிலிலிருந்து எழுப்புகிறோம் என்று யாராவது செயலிழந்த கையைப் பிடித்து இழுத்ததில் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் கிழிந்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

எக்ஸ்ரே மலிவு, சில நிமிட வேலை. பக்கவாதம் தாக்கியபோது கீழே விழுந்தவராக இருந்தால் முதலில் இதைத்தான் எடுக்க வேண்டும். எலும்பு முறிவைத் தவறவிடக் கூடாது. மூட்டு இறங்கியிருப்பதும் தெரியும். ஆனால் படுக்கவைத்து எடுத்தால் கையின் எடை கீழ்நோக்கி இழுக்காது, இடைவெளி மறைந்துவிடும். கையைத் தொங்கவிட்டு உட்காரவைத்து எடுக்கச் சொல்லுங்கள். தசைநாண் எக்ஸ்ரேயில் தெரியாது.

எம்.ஆர்.ஐ. ஆழமாகப் பார்க்கும். மூட்டுக் குழியின் விளிம்புக் குருத்தெலும்பு, எலும்பின் உட்புறம் ஆகியவற்றை அல்ட்ராசவுண்ட் எட்டாது, இதற்குத் தெரியும். ஆனால் குகைபோன்ற கருவிக்குள், காதைப் பிளக்கும் சத்தத்தில், அரை மணி நேரம்வரை அசையாமல் படுக்க வேண்டும். கை தானாக இழுத்துக்கொள்பவருக்கும், வலிக்கிறது என்று சொல்ல வாய் வராதவருக்கும் அது சித்திரவதை. பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். செலவும் பல மடங்கு.

இனி அல்ட்ராசவுண்ட். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பிசியோதெரபி அறையில் ஜெல் தடவித் தேய்க்கிறோமே, அதற்கும் அல்ட்ராசவுண்ட் என்றுதான் பெயர். அது சிகிச்சை, படம் எதுவும் வராது. "ஏற்கெனவே பத்து நாள் ஸ்கேன் எடுத்தாயிற்று" என்று சொன்னவர்கள் உண்டு!

படமெடுக்கும் அல்ட்ராசவுண்டுக்குச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தோளைக் காட்டலாம். நல்ல மருத்துவர் முதலில் வலியில்லாத தோளைப் பார்ப்பார், அதுதான் அளவுகோல். தோள் முனை எலும்புக்கும் மேற்கை எலும்பின் முகட்டுக்கும் உள்ள தூரத்தை இரு பக்கமும் அளந்தால், மூட்டு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். முன்புறப் பள்ளத்தில் இருதலைத் தசையின் நாண் வெள்ளை முட்டைபோலத் தெரியும். அதைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருந்தால் நீர் கோத்திருக்கிறது என்று பொருள். மற்ற இரண்டு ஸ்கேன்களும் வழக்கமாக அசையாத படத்தையே தருகின்றன. இதிலோ கையை மெல்ல உயர்த்தியபடியே, எந்தக் கோணத்தில் தசைநாண் எலும்புக்கடியில் சிக்குகிறது என்று பார்க்கலாம். ஊசி போட வேண்டியிருந்தால், முனை எங்கே போகிறது என்பதைத் திரையில் பார்த்துக்கொண்டே போடலாம்.

குறையும் இருக்கிறது. பிடிக்கும் கையைப் பொறுத்ததுதான் படம். தசைநாணுக்குச் செங்குத்தாக இல்லாமல் கருவி சற்றே சாய்ந்தாலும் அந்த இடம் கறுத்து, கிழிசல்போலத் தோன்றும். தோளின் மேற்புறத் தசைநாணை முழுதாகப் பார்க்க, பின்பாக்கெட்டில் கைவைப்பதுபோல வைக்கச் சொல்வார்கள். இறுகிய கை அதற்கு இணங்காது. அப்போது, கிடைத்த கோணத்தில்தான் பார்க்க முடிந்தது என்று அறிக்கையில் எழுத வேண்டும்.

இன்னொன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. அறுபது தாண்டியவர்களில் பலருக்கு, வலியே இல்லாத தோளிலும் கிழிசல் இருக்கும். கிழிசல் கண்ணில் பட்டது என்பதற்காக வலிக்கு அதுவே காரணம் என்று முடிவுகட்டக் கூடாது. அதேபோல, மூளையில் ஏற்பட்ட பாதிப்பே எரிச்சலாக வலிக்கும்போது தோளின் படம் சுத்தமாக இருக்கலாம். விரல்கள் வீங்கி, தோல் நிறம் மாறி, தொட்டாலே கூசினால் அது வேறு நோய்க்குறி. அதைக் கண்ணும் கையுமே கண்டுபிடிக்கும்.

என் தேர்வு இது: முதலில் கையால் தொட்டுப் பரிசோதனை, விழுந்திருந்தால் எக்ஸ்ரே, அதன்பின் அல்ட்ராசவுண்ட். அறுவை சிகிச்சைப் பேச்சு எழுந்தாலோ, மற்றவை விடை தராவிட்டாலோ மட்டும் எம்.ஆர்.ஐ.

அல்ட்ராசவுண்ட் கருவியை வீட்டுக்கே கொண்டுவர முடியாதா என்றும் கேட்கிறார்கள். கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நம் நாட்டில் இக்கருவிகளைப் பதிவு செய்தாக வேண்டும். கையடக்கக் கருவியானாலும் நினைத்த இடத்துக்கு எடுத்துப்போக முடியாது. நோயாளியைத்தான் அழைத்துப்போக வேண்டும். அப்படிப் போகும்போது, "தோள் ஸ்கேன்" என்று மட்டும் எழுதிய சீட்டோடு போகாதீர்கள். எந்தப் பக்கம் வாதம், எந்த அசைவில் வலி என்று எழுதி, இரு தோள்களையும் உட்காரவைத்துப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேட்டு வாங்கிச் செல்லுங்கள்.