நீல டப்பா ‘ரேசிங்’ சிடிஐ: காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

வண்டி யமாஹா ஒய்எஃப்இசட்450, நாலு சக்கர ஏடிவி, கார்புரேட்டர் மாடல். ஓடுவது மலேசியாவின் ஜோகூர்ப் பக்கத் தடத்தில், சாமான் வாங்கியது சிங்கப்பூரில். சாமான் சிடிஐ, அதாவது பிளக்கில் எப்போது ஸ்பார்க் அடிக்க வேண்டும் என்று முடிவுசெய்யும் மின்னணுப் பெட்டி. “ரேசிங் சிடிஐ, லிமிட்டர் கிடையாது, எல்லா யமாஹா ஏடிவிக்கும் பொருந்தும், மாட்டினா போதும்” என்று விளம்பரம். (லிமிட்டர் என்பது இஞ்சின் சுழற்சி ஓர் அளவுக்கு மேல் ஏறாமல் தடுப்பது.) விலை 260 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), முழுப் பணமும் முன்கூட்டியே பேநவ் என்ற உடனடி வங்கிப் பரிமாற்றத்தில். ரசீது கேட்டதற்கு “மெசேஜே ரசீதுதான்” என்றார்கள்.

மாட்டியதும் வண்டி ஸ்டார்ட் ஆனது. சூட்சுமமே அங்கேதான். ஸ்டார்ட் ஆகாத டப்பா என்றால் அன்றைக்கே கையோடு திரும்பி வந்துவிடும். இது இருபது நிமிடம் ஓடி, சூடேறியதும் அணைந்தது. ஆறியபின் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி எடுத்தது. விற்ற கடை “காயிலைப் பாருங்க” என்றது, அதாவது பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயில். காயில், பிளக் இரண்டும் புதிதாக, இன்னொரு 90 வெள்ளி. மாற்றமில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “எலெக்ட்ரிக்கல் சாமான், மாட்டிட்டா எடுக்க மாட்டோம்.”

உறையைப் பிரித்தால் விஷயம் புரிந்துவிடுகிறது. நீல நிற அலுமினிய உறைக்குள், சின்ன பைக்குக்குப் போடும் சாதாரண பிளாஸ்டிக் சிடிஐ ஒன்று சிலிகானால் ஒட்டப்பட்டிருக்கிறது. அதிலிருந்து யமாஹா சாக்கெட் வரை ஒரு சாண் நீளத்துக்கு மாற்று ஒயர். திராட்டில் சென்சருக்குப் போக வேண்டிய ஒயர்கள் சாக்கெட்டிலிருந்து இரண்டு அங்குலத்திலேயே வெட்டப்பட்டு, டேப் சுற்றி மடக்கிவிடப்பட்டிருக்கின்றன. திராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதே அந்தப் பெட்டிக்குத் தெரியாது.

அதைவிடப் பெரிய கோளாறு டைமிங், அதாவது ஸ்பார்க் அடிக்கும் நேரம். இஞ்சினோடு சுழலும் மேக்னெட்டின் மேலுள்ள மேடு, பிக்கப் காயில் என்ற சென்சரைக் கடக்கும்போது வரும் துடிப்பை வைத்துத்தான் சிடிஐ கணக்குப் போடுகிறது. அந்த மேட்டின் நீளமும் இடமும் இஞ்சினுக்கு இஞ்சின் வேறு. வேறொரு வண்டியின் கணக்கு இங்கே வந்தால் ஸ்பார்க் சில டிகிரி முந்தும் அல்லது பிந்தும். பிந்தினால் இழுவை குறையும், சைலென்சர் பைப் சிவக்கும். முந்தினால் ஸ்டார்ட் செய்யும்போது எதிர்த்து உதைத்து ஸ்டார்ட்டர் கிளட்சைக் கெடுக்கும். ஓட்டத்தில் நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக வெடித்து இஞ்சின் தட்டுவது) வந்து பிஸ்டனையே தின்றுவிடும். 260 வெள்ளி போனதோடு முடியாது என்பது இதனால்தான்.

“எல்லா யமாஹாவுக்கும்” என்ற பேச்சு ஒன்றே போதும், பொய் என்று தெரிந்துகொள்ள. யமாஹாவின் ராப்டர் 660 சிடிஐ வண்டி. 2006-இல் வந்த ராப்டர் 700 எரிபொருள் இன்ஜெக்‌ஷன், அதில் இருப்பது இசியு, எரிபொருளையும் ஸ்பார்க்கையும் சேர்த்துக் கவனிக்கும் கணினிப் பெட்டி. ஒய்எஃப்இசட்450-இலும் கார்புரேட்டர் மாடல் வேறு, 2009 முதல் வந்த இன்ஜெக்‌ஷன் ‘ஆர்’ மாடல் வேறு. பழைய பெட்டியின் மேலுள்ள பாக எண்ணைப் பாருங்கள்: நடுவில் 85540 என்றிருந்தால் சிடிஐ, 8591ஏ என்றிருந்தால் இசியு. முன்னால் இருப்பது மாடல் குறியீடு, கார்புரேட்டர் ஒய்எஃப்இசட்450-க்கு 5டிஜி. வண்டியின் ஆண்டையும் இந்த எண்ணையும் கேட்காமல் விலை சொல்பவரிடம் வாங்காதீர்கள்.

அடுத்து, அந்தச் சிடிஐ ஏசி வகையா, டிசி வகையா என்று கேளுங்கள். ஏசி சிடிஐக்கு மேக்னெட்டுக்குள் இருக்கும் தனிச் சுருளிலிருந்து மின்சாரம் வரும். டிசி சிடிஐ பேட்டரியின் 12 வோல்ட்டை எடுத்து உள்ளேயே பல நூறு வோல்ட்டாக ஏற்றிக்கொள்ளும். சாக்கெட் ஒன்றுபோல் இருக்கிறதே என்று மாற்றி மாட்டினால் ஸ்பார்க் வராது, சில சமயம் பெட்டியே புகையும்.

நல்ல பெட்டியை வாங்கினாலும் மாட்டியவுடன் தடத்துக்குப் போகக் கூடாது. கிரான்க் கேஸில் உள்ள சின்ன மூடியைக் கழற்றி (ஆயில் தெறிக்கும், துணி வைத்துக்கொள்ளுங்கள்), டைமிங் லைட்டின் (ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் மின்னும் விளக்கு) கிளிப்பைப் பிளக் ஒயரில் மாட்டிப் பாருங்கள். ஐடிலில் மேக்னெட்டிலுள்ள குறி கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும், ரெவ் ஏற ஏறச் சீராக நகர வேண்டும். குதித்தால் பெட்டி சரியில்லை. சூட்டில் சாகிறதா என்று தெரிய, ஐடிலில் ஓடும்போதே ஹேர் டிரையரைப் பெட்டியின் மேல் பத்து நிமிடம் காட்டினால் போதும். மலிவுப் பெட்டி அங்கேயே அணைந்து காட்டிக்கொடுக்கும்.

சிடிஐ தரும் துடிப்பைச் சாதாரண மல்டிமீட்டர் பிடிக்காது, துடிப்பின் உச்ச வோல்ட்டைப் பிடித்துக் காட்டும் பீக் வோல்டேஜ் அடாப்டர் வேண்டும். ஹோண்டா சர்வீஸ் புத்தகங்களில் இக்னிஷன் காயிலின் பிரைமரிக்கு (சிடிஐயிலிருந்து மின்சாரம் வரும் பக்கம்) குறைந்தது 100 வோல்ட், பிக்கப்புக்குக் குறைந்தது 0.7 வோல்ட் என்றிருக்கும். ஒப்பிட அது நல்ல அளவுகோல்.

பெட்டியைக் குறை சொல்லும் முன் சில்லறை விஷயங்களையும் பாருங்கள். பிளக் எண்ணில் ‘ஆர்’ இருக்க வேண்டும், அதாவது ரெசிஸ்டர் பிளக். இல்லாவிட்டால் ஸ்பார்க் கிளப்பும் இரைச்சலில் டிஜிட்டல் சிடிஐ குழம்பும். ஒய்எஃப்இசட்450-இல் ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால் ரெவ் ஏறாது, அது பழுதல்ல. ‘லிமிட்டர் இல்லை’ என்பதைச் சலுகைபோல் சொல்கிறார்கள். வால்வு ஸ்பிரிங் மாற்றாத இஞ்சினில் அந்த லிமிட்டர்தான் வால்வைக் காப்பாற்றுகிறது. கேமும் (வால்வைத் திறக்கும் தண்டு) சைலென்சரும் ஒரிஜினலாகவே இருக்கும் வண்டிக்கு, பழைய சிடிஐ கெடாதவரை, வேறு தேவையே இல்லை என்பது எங்கள் கணிப்பு.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: ‘மாட்டினால் எடுக்க மாட்டோம்’ என்ற பேச்சுக்குச் சிங்கப்பூர்ச் சட்டத்தில் பெரிய மதிப்பில்லை. வியாபாரமாக விற்பவரிடம் வாங்கிய பொருளில் 6 மாதத்துக்குள் தெரியும் குறை, கொடுத்தபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று காட்டுவது கடையின் பொறுப்பு. தனிநபர் தன் பழைய சாமானை விற்றிருந்தால் இது செல்லாது. சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை, 2 ஆண்டுக்குள், வழக்கறிஞர் இல்லாமலே இணையம் வழி மனுப் போடலாம். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பேநவ் பதிவு, கடையோடு பேசிய மெசேஜ் மூன்றையும் இன்றைக்கே எடுத்து வையுங்கள். புகார் கிளம்பியதும் முதலில் காணாமல் போவது விளம்பரம்தான்.