அண்ணத்தில் சிக்கிய கோரைப்பல்: மினி ஸ்க்ரூவா, கம்பிப் பாலமா?

மேல் கோரைப்பல் 11, 12 வயதில் முளைத்துவிட வேண்டும். நூற்றில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு அது எலும்புக்குள்ளேயே, பலருக்கு அண்ணத்துப் பக்கமாக, படுத்துவிடுகிறது. ஈறைத் திறந்து, பல்லில் பட்டன் ஒட்டி, மெல்லிய சங்கிலியால் 50–60 கிராம் விசையில் இழுப்பது இரண்டு முறையிலும் ஒன்றுதான். எதைப் பிடித்துக்கொண்டு இழுப்பது என்பதில்தான் வேறுபாடு: பற்களில் மாட்டிய கம்பிப் பாலத்தையா, எலும்பில் திருகும் சிறிய உலோகத் திருகான மினி ஸ்க்ரூவையா?

பழைய வழி கம்பிப் பாலம். இரு பக்கக் கடைவாய்ப்பற்களிலும் பேண்டு எனும் உலோக வளையம் மாட்டி, 0.9 மி.மீ. எஃகுக் கம்பியை அண்ணத்தின் குறுக்கே பற்றவைப்பார்கள். செலவு குறைவு, ஊசி வேண்டாம். கோரைப்பல் அதிக ஆழத்தில் இல்லாமல், நேராக இறங்கும் வாட்டத்தில் இருந்தால் இதுவே போதும்.

ஆழத்தில் கிடக்கும் பல்லுக்கு நான் மினி ஸ்க்ரூவையே சொல்வேன். காரணம், கோரைப்பல் எலும்போடு ஒட்டிப்போயிருக்கலாம். சிறிய ஒட்டுதல் சிபிசிடி எனும் முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேனிலும் தப்பிவிடும். இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். பற்களைப் பிடித்து இழுத்தால், அசையாத கோரைப்பல்லை நோக்கி நல்ல பற்கள் சாய்ந்து மேலேறும், கடியில் இடைவெளி விழும். ஸ்க்ரூவைப் பிடித்து இழுத்தால் மற்ற பற்களுக்குச் சேதமில்லை. கிளிப்பு மாட்டும் முன்பே இழுக்கத் தொடங்கலாம். பக்க வெட்டுப்பல்லின் வேர் கரையாமலிருக்க, கோரைப்பல்லை முதலில் பின்புறமாக இழுத்து விலக்கிவிட்டு, பிறகே வரிசைக்குக் கொண்டுவர வேண்டும்.

ஆனால் ஸ்க்ரூ நின்றால்தான் இதெல்லாம். ஏழெட்டில் ஒன்று ஆடிக் கழல்கிறது, பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே. பல் வேர்களுக்கு நடுவே போட்டது வேரைத் தொட்டால் ஆடும் வாய்ப்பு அதிகம். அதனால் மரத்துப்போகும் மருந்தைக் குறைவாகப் போட்டு, வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே திருக வேண்டும். அண்ணத்தின் முன்பகுதியில், நடுக்கோட்டிலிருந்து 2–3 மி.மீ. தள்ளி, அண்ணத்துத் தோலில் குறுக்காக ஓடும் மடிப்புகளில் மூன்றாவதற்குப் பின்னால் போடுவது இன்னும் பாதுகாப்பு. அங்கே வேர் இல்லை, ஈறும் அசையாது. வளரும் பிள்ளைகளுக்கு நடுக்கோட்டிலேயே போடக் கூடாது. எலும்பின் இணைப்பு இன்னும் இறுகியிருக்காது. புதைந்த கோரைப்பல்லே அந்த இடத்தில் கிடக்கிறதா என்பதையும் ஸ்கேனில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இறுக்கத்துக்கும் அளவுண்டு. 1.6 மி.மீ. தடிமனுள்ள ஸ்க்ரூவுக்கு 5–10 நியூட்டன் சென்டிமீட்டர் முறுக்கு போதும். குறைந்தால் ஆடும். மிஞ்சினால் எலும்பில் நுண்விரிசல் விழுந்து, அன்றைக்குக் கெட்டியாக நின்றது பின்னால் தளரும்.

பலர் கவனிக்காமல் விடுவது விசையின் திசை. ஸ்க்ரூ தலையில் நீண்ட கம்பிக்கை மாட்டி இழுக்கும்போது, அது கடிகாரச் சுற்றுக்கு எதிராகத் திருகினால் ஸ்க்ரூ தானாகவே கழன்றுவரும். வலது பக்கம் நன்றாக வேலை செய்த அதே அமைப்பு இடது பக்கம் தோற்பது இதனால்தான். இரண்டு ஸ்க்ரூ போட்டு ஒன்றாகப் பிணைத்துவிட்டால் இந்தச் சுழற்சி நிற்கும். ஆடத் தொடங்கிய ஸ்க்ரூவை மறுபடி இறுக்கிப் பயனில்லை. எடுத்துவிட்டு வேறிடத்தில் போட வேண்டும்.

சுற்றியுள்ள ஈறு வீங்கினாலும் பிடி போகும். தினமும் மென்மையான பிரஷால் ஸ்க்ரூ தலையைச் சுற்றித் தேய்க்க வேண்டும். கட்டுப்படாத சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் உள்ளவருக்கு ஸ்க்ரூவை நான் முதலில் சொல்ல மாட்டேன். அவர்களுக்குக் கம்பிப் பாலம்தான்.