தெருவில் விசாரித்துப் பிடித்த கொத்தனாரும் பருத்திப்பாலும்

மதுரை நரிமேட்டில் 2017 முதல் குடியிருக்கிறோம். வீடு எண்பதுகளில் கட்டியது. சுவர் கெட்டி, மொட்டை மாடியில் தட்டோடு, குழாயில் பாதி நாள் போர் தண்ணீர். எப்போதும் ஏதாவது ஒன்று பழுதாகிக்கொண்டே இருக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை வருடங்களில் இங்கே வேலைக்கு வந்த கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன், மோட்டார் மெக்கானிக் எல்லோரும் தெருக்காரர்கள் கைகாட்டி வந்தவர்கள்தான். இட்லி மாவு வாங்கும் கடையும் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடையும் அப்படித்தான் அமைந்தன. மிக்ஸியையும் ஃபேனையும் வாங்கி உபயோகித்துவிட்டு எழுதுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். நான் அக்கம்பக்கத்தாரின் யோசனையை நீண்ட நாள் உபயோகித்துவிட்டு எழுதுகிறேன்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பழுது வேலைக்குப் பழைய சாட்சி வேண்டும். சாப்பாட்டுக்குப் புதிய சாட்சி வேண்டும். இரண்டையும் மாற்றிப் பிடித்தால் கூரையும் ஒழுகும், வயிறும் கெடும்.

கூரையிலிருந்து தொடங்குகிறேன். குடிவந்த மறு வருடமே ஹால் கூரையில் ஒரு மூலையில் ஓதம் இறங்கியது. எதிர் வீட்டு அண்ணன் அந்தச் சித்திரையில்தான் தன் மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்திருந்தார். வாயாரப் புகழ்ந்தார். அவர் சொன்னதில் பொய் இல்லை: வெள்ளைப் பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்பும், அக்னி நட்சத்திர நாட்களில் கூட அவர் வீட்டு மாடி அறையில் உட்கார முடிந்தது. அதே ஆட்களை வைத்து நாங்களும் அடித்தோம். ஐப்பசி மழையில் எங்கள் ஹால் அதே மூலையில் ஒழுகியது. கார்த்திகையில் அண்ணன் வீடும் ஒழுகியது. பூச்சு அடித்தவர் ‘அடுத்த வாரம் வருகிறேன்’ என்பதோடு சரி. அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். அவர் நல்ல மனதோடு சொன்னார், ஆனால் மழையைப் பார்க்காத வேலைக்குச் சாட்சி சொன்னார்.

அதற்குப் பிறகு கடைசி வீட்டு ஐயா ஒரு நாள் தாமாகவே மாடிக்கு ஏறி வந்தார். அரசாங்கக் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு வாளித் தண்ணீரும் செம்பும் கேட்டார். கைப்பிடிச் சுவரின் அடியில் ஒரு செம்பு ஊற்றிவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து அது போகும் வழியைப் பார்த்தார். தண்ணீர் மழைநீர்க் குழாயின் வாய் வரை போய், உள்ளே இறங்காமல், அங்கேயே தேங்கி நின்றது. குழாயின் வாய் ஓட்டு மட்டத்தைவிடக் கட்டைவிரல் பருமன் உயரமாக இருந்தது. இன்னொரு செம்பை மூலையில் ஊற்றினார். சுவரும் தளமும் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. அதன் வழியாகத் தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே போயிற்று. ஓடுகளின் சந்துகளில் பூசிய சிமென்ட் பல இடங்களில் நகத்தால் சுரண்டினாலே வந்தது. மேலே எந்தப் பூச்சு அடித்தாலும் இந்த மூன்றையும் சரிசெய்யாமல் நிற்காது என்றார்.

அவர் ஒரு கொத்தனாரைச் சொன்னார். ஆனால் கெட்டிக்காரர், நாணயமானவர் என்றெல்லாம் சொல்லவில்லை. “என் மாடியில் வேலை பார்த்து ஏழு மழை ஆகிவிட்டது. வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்” என்றார். போய்ப் பார்த்தோம். பரிந்துரை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது.

கொத்தனாரும் இரண்டு சித்தாட்களும் வந்தார்கள். தட்டினால் பொக்கென்று சத்தம் வந்த ஓடுகளை மட்டும் பெயர்த்து, அடியில் இருந்த சுருக்கியை (சுண்ணாம்பும் செங்கல் பொடியும் சேர்ந்த கலவை) சரிசெய்து, வாட்டம் பார்த்து மறுபடி பதித்தார்கள். கைப்பிடிச் சுவரின் அடியை ஒரு சாண் உயரத்துக்குக் கொத்தி, மூலையில் கலவையைச் செங்குத்தாக விடாமல் வளைவாக இழுத்து, கரண்டியால் அழுத்தி அழுத்தி மெருகேற்றினார். மூலை வளைவாக இருந்தால் தண்ணீர் அங்கே நிற்காது, விரிசலும் சீக்கிரம் விழாது என்று விளக்கம் வேறு. குழாயின் வாயை இறக்கிவைத்தார். எல்லாம் காய்ந்த பிறகு குழாயைத் துணியால் அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகுதான் பாக்கிப் பணத்தை வாங்கிக்கொண்டார். தண்ணீர் கட்டிக் காட்டுவதற்குத் தயங்குகிற ஆளை இப்போதெல்லாம் நான் வேலைக்குச் சேர்ப்பதில்லை. அந்த ஹால் கூரை இன்று வரை ஒழுகவில்லை.

எப்போது கூப்பிடுவது என்பதையும் தெருவில்தான் கற்றுக்கொள்ள வேண்டும். பொங்கல் வாரத்தில் ஆள் கிடைக்காது: அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் ஜல்லிக்கட்டு. மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிட ஊருக்குப் போனவர்கள் சாவகாசமாகத்தான் திரும்புவார்கள். சித்திரைத் திருவிழாவில் கேட்கவே வேண்டாம். தல்லாகுளத்தில் அழகருக்கு எதிர்சேவை நடக்கும் நாளில் எங்கள் பக்கம் குழாய் வெடித்தால் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டிவிட்டு நாமும் அழகரைப் பார்க்கப் போக வேண்டியதுதான். ஆடிதான் நல்ல காலம். புது வீட்டு வேலையை ஆடியில் தொடங்க நம் ஆட்கள் தயங்குவதால் கைதேர்ந்த கொத்தனார்களுக்கு அப்போது ஓய்வு இருக்கும், வடகிழக்குப் பருவமழைக்கும் இரண்டு மாதத்துக்கு மேல் அவகாசம் இருக்கும்.

வேலையே தேவையில்லை என்று சொல்லிக் காசை மிச்சம் பிடித்துக் கொடுத்த யோசனைதான் நான் கேட்டவற்றிலேயே ஒசத்தி. ஒரு நாள் போர் மோட்டார் ‘உம்’ என்று உறுமியதே தவிர ஓடவில்லை. பார்க்க வந்த மெக்கானிக், காயில் போய்விட்டது, மோட்டாரைக் குழாயோடு மேலே இழுத்துக் காயில் கட்ட வேண்டும் என்றார். ஆயிரங்களில் செலவு. மாடி வீட்டு அக்கா மேலே இருந்தபடியே, முதலில் பேனல் பெட்டியில் கெப்பாசிட்டரை மாற்றிப் பாருங்கள் என்றார். திறந்தால், டப்பா போல இருக்கும் கெப்பாசிட்டர் ஒன்று தலைப்பக்கம் உப்பி நின்றது. சில நூறு ரூபாயில் புதிதை மாட்டியதும் மோட்டார் ஓடத் தொடங்கிவிட்டது. ஒற்றை ஃபேஸ் மோட்டார் உறுமிவிட்டு நின்றால் கெப்பாசிட்டரைப் பார்க்காமல் காயிலைப் பற்றிப் பேசுகிறவரை அனுப்பிவிடுங்கள்.

தெருவே சேர்ந்து தப்பான யோசனை சொல்வதும் உண்டு. மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியை (30 மில்லி ஆம்பியர் வகை) பொருத்தினோம். காலையில் கீசர் போட்டால் போதும், வீடு முழுக்க மின்சாரம் போய்விடும். விசாரித்த இடத்தில் எல்லாம், அது தொல்லை, கழற்றி எறியுங்கள், நாங்கள் அப்படித்தான் செய்தோம் என்றார்கள். பக்கத்து வீட்டு டீச்சரம்மா அனுப்பிய எலக்ட்ரீஷியன் மட்டும் அதில் கை வைக்க மறுத்துவிட்டுக் கீசரைப் பிரித்தார். உள்ளே இருந்த ஹீட்டர் குழல் மேல் உப்பு சுண்ணாம்புச் சுவர் போலப் படிந்து, வெடித்து, கசிந்துகொண்டிருந்தது. கருவி தன் வேலையைத்தான் செய்திருக்கிறது. எங்கள் பக்கத்து போர் தண்ணீருக்குக் கீசரை ஆண்டுக்கு ஒரு முறையாவது பிரித்து உப்பு எடுக்க வேண்டும். பத்து வீட்டில் ஒரே பதிலைச் சொன்னாலும், உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் பத்து வீட்டின் வாக்கு எனக்குப் போதாது.

கூலி விஷயத்தில் ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. பக்கத்து வீட்டில் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை வைத்துக்கொண்டு ஆளிடம் பேரம் பேசாதீர்கள். அடுத்த முறை அவர் இரண்டு வீட்டுக்கும் வர மாட்டார்.

இனிச் சாப்பாடு. இங்கே சாட்சிக்கு ஆயுள் குறைவு. மாஸ்டர் மாறினால் கடை மாறிவிட்டது என்று அர்த்தம். போன தீபாவளிக்கு நன்றாக இருந்தது என்று சொல்கிறவரின் பேச்சை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. நேற்று சாப்பிட்டவர் சொல்ல வேண்டும். அதிலும் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று கேட்க வேண்டும். தெருமுனையில் சாயங்காலம் நிற்கும் பருத்திப்பால் வண்டி ஓர் உதாரணம். ஊறவைத்த பருத்திக்கொட்டையை அரைத்துப் பால் எடுத்து, அரிசிமாவு கரைத்து ஊற்றி, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய் போட்டுக் காய்ச்சுவது. அடியில் பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொட்டையின் பச்சை வாடை போகிற வரை கொதிக்கவும் வேண்டும். வண்டி வந்து நின்ற ஒரு மணி நேரத்துக்குள் போனால் கரண்டியில் ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்கும், மேலே தேங்காய்த் துருவல் தூவித் தருவார். இருட்டிய பிறகு போனால் கூட்டத்துக்குத் தக்கபடி வெந்நீர் சேர்ந்திருக்கும். அதே வண்டி, அதே ஆள். இதைச் சொல்லிக் கொடுத்ததும் மாடி வீட்டு அக்காதான். சுக்கு காட்டமாக வேண்டுமென்றால் கேட்டு வாங்கலாம், தனியாக ஒரு கிண்ணத்தில் பொடித்து வைத்திருக்கிறார்.

யார் நாக்கு என்பதும் முக்கியம். டீச்சரம்மா வீட்டில் காரமே கிடையாது. அவர் ஒரு கடைச் சட்னியைக் ‘காரசாரம்’ என்றால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதில் மிளகாய்ப்பொடி கேட்பார்கள். ஆனால் மாவு புளித்ததா, எண்ணெய் பழையதா என்பதில் அவர் மூக்கை மிஞ்ச ஆள் இல்லை. முள்ளுமுருங்கை வடைக்கு இரண்டு கடை சொல்லி, ஒன்றில் மட்டும்தான் எண்ணெயைத் தினமும் மாற்றுகிறார்கள் என்றார். போய் வாசலில் நின்றாலே தெரிகிறது. இலையை அரிசியோடு அரைத்துத் தட்டிப் போட்ட வடை நல்ல எண்ணெயில் பச்சை நிறம் போகாமல் உப்பி வரும். மேலே இட்லிப் பொடி தூவித் தருகிறார்கள். பழைய எண்ணெயில் போட்டது கறுத்துக் கிடக்கும். எதிர் வீட்டு அண்ணன் ஆட்டுக்கறியில் புலி. நெஞ்செலும்பு எந்தக் கடையில், அயிரை மீன் எந்த நாளில் என்று கேட்டால் போதும், வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடுவார். கூரைப் பூச்சு தவிர அவர் சொன்ன எதுவும் எனக்கு வீண் போகவில்லை. வெளியூர் விருந்தாளிகள் வந்தால் கறி தோசைக்குச் சிம்மக்கல் கோனார் கடைக்கு அழைத்துப் போகச் சொல்வார், ஜிகர்தண்டாவுக்கு விளக்குத்தூண். அவை ஊருக்கே தெரிந்தவை, அதற்குத் தெருவின் யோசனை வேண்டியதில்லை. ஜிகர்தண்டாவில் கடல்பாசி அதிகமா, நன்னாரி சர்பத் அதிகமா என்று எங்கள் தெருவில் இரண்டு கட்சி இருக்கிறது. நான் நன்னாரிக் கட்சி.

தெருவில் கேட்பதைவிடச் சுருக்கு வழி ஒன்று பிற்பாடு தெரிய வந்தது. கிரைண்டர் ரிப்பேருக்கு மெஸ் நடத்துகிறவரிடம் கேட்க வேண்டும். அடுப்பு பர்னருக்கு டீக்கடைக்காரரிடம் கேட்க வேண்டும். அவர்களுக்கு ஒரு நாள் நின்றால் ஒரு நாள் பிழைப்பு போயிற்று, அதனால் ஒப்பேற்றுகிற ஆளை உள்ளே விட மாட்டார்கள். எங்கள் கிரைண்டரின் கல் ஆடத் தொடங்கியபோது மாவுக் கடை அம்மா அனுப்பிய தம்பி, கடையில் புது டிரம் வாங்கச் சொன்னதற்கு மாறாக, பெல்ட்டையும் ஒரு புஷ்ஷையும் மாற்றிவிட்டுப் போனார், இன்னும் அரைக்கிறது. மறுபக்கம், மதியச் சாப்பாட்டுக்கு வேலை செய்ய வருகிறவர்களிடம் கேட்க வேண்டும். கூரை வேலை பார்த்த கொத்தனார் எந்த வீட்டிலும் சாப்பிட மாட்டார். பீபீகுளம் பக்கம் ஒரு தள்ளுவண்டியைச் சொல்லி, குடல் குழம்பு ஒரு மணிக்குள் தீர்ந்துவிடும் என்று எச்சரித்தார். பெயர்ப் பலகை கிடையாது, உட்கார இரண்டு பெஞ்சுதான். இத்தனை வருடம் இந்தப் பக்கம் குடியிருக்கும் யாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை.

செயலி வழியாக ஆள் அழைத்தும் பார்த்திருக்கிறேன். நேரத்துக்கு வருகிறார்கள், ரசீது தருகிறார்கள், பேச்சு மரியாதையாக இருக்கிறது. ஏ.சி. சுத்தம் செய்வது போன்ற வேலைக்கு அது போதும். ஒழுகலுக்கு அது உதவாது என்பது என் அபிப்பிராயம். ஒழுகலின் காரணத்தைக் கண்டுபிடிக்க ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து தண்ணீர் போகும் வழியைப் பார்க்க வேண்டும். அடுத்த வேலைக்கு மணி பார்த்து ஓடுகிறவரால் அது முடிகிற காரியமில்லை.

கடைசி வீட்டு ஐயா இப்போது மகனோடு சென்னையில் இருக்கிறார். குளியலறைச் சுவரின் வெளிப்பக்கம் பூச்சு உப்பிக்கொண்டு வருகிறது, உள்ளே குழாய் கசிகிறதா, ஓட்டுச் சந்து வழியாக இறங்குகிறதா என்று தெரியவில்லை. போனில் கேட்டதற்கு, இரண்டு நாள் குளியலறையை உபயோகிக்காமல், சுவருக்குள் போகும் குழாய்க்கு வருகிற தண்ணீரை மட்டும் அடைக்காமல் விட்டு, சுவர் காய்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார். காய்ந்தால் சந்து, காயாவிட்டால் குழாய். ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது, கொத்தனாரிடம் சொல்லிவைத்துவிட்டேன். தெருமுனைப் பரோட்டாக் கடை மாஸ்டர் போன மாதம் செல்லூர் பக்கம் போய்விட்டாராம். சால்னா இனி அங்கேதான் என்கிறார் எதிர் வீட்டு அண்ணன். புதிய மாஸ்டர் போடுகிற பரோட்டாவை அவர் இன்னும் சாப்பிட்டுப் பார்க்கவில்லை என்பதால், அவர் பேச்சில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.