ஃபோர்மட் பண்ணக் கொடுக்க முன் நெட்வேர்க் வயரைக் கழற்றிப் பாருங்கள்

அச்சகம், மொழிபெயர்ப்பு, இணையத்தளம் என்று சேர்வரில் ஃபைல்களை வைத்து எழுதுகிற யாழ்ப்பாணத்து ஆட்கள் கட்டாயம் வாசியுங்கள். சேர்வர் கனெக்‌ஷன் விடுபடும்போதெல்லாம் நொட்பேட் பிளஸ் பிளஸ் என்ற எடிட்டர் தானாக மூடிக்கொண்ட எங்கள் அலுவலக மெஷினுக்கு, நகரிலுள்ள ஒரு திருத்தும் கடை ‘றாம் பழுது’ என்று சொன்னது. 8 ஜிபி றாம் மாற்றி, கேட்காமலே சி டிரைவை ஃபோர்மட் பண்ணி, ‘சேர்விஸ்’ என்று தனியாக இன்னொரு வரியும் போட்டுக் காசு அறவிட்டார்கள். பழைய றாமைத் திருப்பித் தரவில்லை. அலுவலகத்தில் கொண்டுவந்து கொழுவினால் அதே கோளாறு.

போன காசைவிட ஃபோர்மட்தான் பெரிய அநியாயம். இந்த எடிட்டர் சேவ் பண்ணாத எழுத்தை 7 செக்கனுக்கு ஒரு தடவை, ஆப்டேட்டா, ரோமிங் கோப்புறைகளுக்குள் தன் பெயரிலுள்ள இடத்தில் ‘பேக்கப்’ என்று எழுதி வைக்கிறது. அந்த அமைப்பை நிறுத்தாதவரை, எடிட்டர் திடீரென்று மூடினாலும் கடைசிச் சில செக்கன்களில் எழுதியது தவிர மற்ற எழுத்து பெரும்பாலும் அங்கே கிடக்கும். கோயில் மலருக்கான கட்டுரைகள் அங்கேதான் இருந்தன. சி டிரைவை அழித்ததோடு அவையும் போய்விட்டன. ஆகவே மெஷினைக் கடைக்குக் கொண்டுபோக முன் அந்தக் கோப்புறையை ஒரு பென் டிரைவில் பிரதி எடுங்கள்.

கடை மேசையில் இந்தக் கோளாறு ஒருநாளும் தெரியாது, ஏனென்றால் அங்கே உங்கள் சேர்வர் இல்லை. நம்மூரில் கரண்ட் ஒரு நிமிடம் போய் வந்தாலும் மெஷின் யுபிஎஸ்ஸில் நிற்கும், மற்ற அறையிலுள்ள நெட்வேர்க் சுவிட்ச் நிற்காது. அந்த நிலையை நீங்களே உண்டாக்கிப் பார்க்க வேண்டும்.

சோதனைக்கு ஒரிஜினல் ஃபைலைத் தொடாதீர்கள். சேவ் பாதியில் அறுந்தால் சேர்வரில் உள்ளது 0 பைட்டாகிவிடலாம், ஏனென்றால் பழையதை வெறுமையாக்கிவிட்டுத்தான் புதியது எழுதப்படுகிறது. 50 எம்பி அளவில் ஒரு பிரதி செய்யுங்கள். சின்ன ஃபைல் கண்மூடித் திறக்க முன் சேவ் ஆகிவிடும், வயரைக் கழற்ற நேரம் கிடைக்காது. சேவ் ஓடும்போதே அறுக்க வேண்டும், சும்மா திறந்து வைத்துவிட்டு அறுத்தால் பல நேரம் ஒன்றும் நடக்காது.

அறுக்கிற இடமும் முக்கியம். மெஷினின் வயரைக் கழற்றினால் இணைப்புப் போனது வின்டோஸுக்கு உடனே தெரியும். சேர்வர் பக்கத்து வயரைக் கழற்றினால் மெஷினின் லைட் எரிந்துகொண்டே இருக்கும்; பதில் வராத தரவுப் பொதியை (பக்கெட்) அது திரும்பத் திரும்ப அனுப்பும், எடிட்டர் உறைந்துபோகும். சேர்வரில் ஃபைல்களைக் கொடுக்கிற சேர்விஸை மட்டும் றீஸ்டார்ட் பண்ணினால் இணைப்பு வெட்டென்று முறியும். மூன்றையும் தனித்தனியாகச் செய்யுங்கள். வைஃபையை அணைத்துப் பார்த்துவிட்டு ‘நெட்வேர்க் பிரச்சினை இல்லை’ என்று சொல்கிற கடைக்காரர் முதலாவதை மட்டுமே பார்த்திருக்கிறார்.

ஒவ்வொரு தடவையும் வின்டோஸ் தன் பிழைகளைப் பதிந்து வைக்கிற ஈவென்ட் வியூவரில், வின்டோஸ் லொக்ஸ், அப்ளிகேஷன் பகுதியைத் திறவுங்கள். 1000 என்ற இலக்கம் என்றால் புரோகிராம் விழுந்திருக்கிறது, 1002 என்றால் உறைந்திருக்கிறது. 1000இல் ‘ஃபோல்ட்டிங் மொடியூல்’ (பிழை நடந்த பகுதி) என்ற வரியைப் பாருங்கள். எங்களுடையதில் அந்த இடத்தில் நின்றது, சேர்வர் ஃபைல்களைத் திறக்கிற எஃப்டிபி பிளகின் என்ற துணைப் புரோகிராமின் டிஎல்எல் ஃபைல் பெயர். பிளகின்கள் இல்லாமல் எடிட்டரைத் திறந்து, அதே பிரதியை இசட் டிரைவ் (சேர்வர் கோப்புறையை மெஷினில் ஒரு டிரைவாகக் காட்டுவது) வழியாக எடுத்து, அதே நேரத்தில் வயரைக் கழற்றினால் எடிட்டர் கொஞ்சம் உறைந்து நின்று பிழைச்செய்தி காட்டியது, மூடவில்லை. பிழை எங்கே என்று காட்ட இது போதும். றாம் உண்மையிலேயே பழுது என்றால் பிரவுசரும் விழலாம், நீலத் திரையும் வரலாம், றாமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86ஐ ஓர் இரவு ஓடவிட்டால் பெரும்பாலும் சிவப்பு வரிகளும் வரும்.

லினக்ஸ் சேர்வரில் எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து சேர்வருக்குள் போகும் இணைப்பு) வழியாக விம் எடிட்டரில் எழுதுபவர்கள் ஐபிடேபிள்ஸ் என்ற ஃபயர்வோலில் எஸ்எஸ்எச்சின் போர்ட் 22க்கு ‘டிராப்’ விதி போட்டால் சத்தமில்லாத துண்டிப்பு, டிசிபி றீசெட்டோடு ‘றிஜெக்ட்’ போட்டால் வெட்டென்ற துண்டிப்பு. இதை சேர்வர் முன்னாலேயே இருந்து செய்யுங்கள், இல்லாவிட்டால் விதியை எடுக்க உள்ளே போக முடியாது. டிராப் போட்டால் லினக்ஸ் வழமையாக 15 நிமிடமளவில் காத்திருக்கும். எஸ்எஸ்எச் கிளையன்டில் சேர்வர் அலைவ் இன்டர்வல் 15, கவுண்ட் மாக்ஸ் 3 என்று வைத்தால் சுமார் 45 செக்கனில் தெரிந்துவிடும். எழுத்து, விம் தானாக எழுதி வைக்கிற ஸ்வொப் ஃபைலில் இருக்கும், மீட்டெடுக்காமல் அதை அழிக்காதீர்கள்.

இதற்குப் பிறகும் கடைக்குப் போவதென்றால், ஜொப் கார்டில் ‘சேவ் பண்ணும்போது சேர்வர் வயர் கழன்றால் எடிட்டர் மூடுகிறது, கேட்காமல் ஃபோர்மட் செய்யக்கூடாது, கழற்றும் பாகம் திருப்பித் தரவேண்டும்’ என்று எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். றாமின் சீரியல் இலக்கத்தைப் படம் எடுங்கள். பற்றுச்சீட்டு தராமல் மழுப்பினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள்.