படம் அனுப்பி மதிப்புக் கேட்டேன்: மூன்று மரச்சிற்பங்களும் ஒரு இணையச் சேவையும்

டான்சானியாவின் தாருஸ்ஸலாமில் வேலை முடிந்து கிளம்பிய ஒரு குடும்பம் வீட்டுச் சாமான்களை விற்றபோது மூன்று மரச்சிற்பங்களை 1,20,000 ஷில்லிங்குக்கு வாங்கினேன். ஆட்கள் ஒருவர் தோள்மேல் ஒருவராக ஏறி நிற்கும் உஜமா தூண் (டான்சானியா, மொசாம்பிக் பகுதியின் மகொண்டே மக்கள் செதுக்குவது; உஜமா என்றால் ஸ்வாஹிலியில் குடும்ப ஒற்றுமை), ஒரு முகமூடி, நீண்ட கொம்புள்ள ஒரு மான். "தூண் 200 வருஷப் பழசு, மூன்றுமே கருங்காலி" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். எது உண்மை என்று தெரிந்துகொள்ள, படம் பார்த்து மதிப்புச் சொல்லும் ஒரு இணையச் சேவையிடம் போனேன். பொருள் ஒன்றுக்கு 15 டாலர். குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயர் போடவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நான் முன்பக்கத்தை மட்டும் அழகாக எடுத்து அனுப்பிய படங்களை அவர்கள் ஏற்கவில்லை. அடிப்பாகம், முதுகு, முகமூடியின் உட்புறம் எல்லாம் கேட்டார்கள், பக்கத்தில் ஒரு அளவுகோலும் வைக்கச் சொன்னார்கள். முகமூடியைப் பற்றி வந்த பதிலைப் படித்தபோது இந்தக் காசு தகும் என்று தோன்றியது. மகொண்டே மக்கள் ஆட்டத்தில் போடும் லிபிகோ முகமூடியை ஆடுபவர் தலையில் கவிழ்த்து, அதன் வாய் வழியாகப் பார்ப்பார். அதனால் அதை எடை குறைந்த மரத்தில் செதுக்குவார்கள், தேன்மெழுகில் தழும்புக் கோடும் மனித முடியும் ஒட்டுவார்கள். என்னுடையதில் தலை நுழையும் அளவுக்குக் குடைவே இல்லை. உள்ளே உளித்தடம் கூர்மையாக நிற்கிறது, வியர்வைக் கறை துளியும் இல்லை. ஆக, சுவரில் மாட்டுவதற்காகவே செய்தது. இதைக் காரணத்தோடு, படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தார்கள்.

தூணின் வயதையும் சரியாகச் சொன்னார்கள். ஆவி உருவங்களைச் செதுக்கும் ஷெட்டானி, இந்தத் தூணின் உஜமா ஆகிய பாணிகள் 1950களுக்குப் பிறகு வளர்ந்தவை. உஜமா என்ற சொல்லே டான்சானியாவின் முதல் அதிபர் நைரேரே சமதர்மக் கொள்கையை அறிவித்த 1967 அருஷா பிரகடனத்தால்தான் ஊரெல்லாம் பரவியது. 200 வருஷத்துக்கு இடமே இல்லை. மரத்தையும் விளக்கினார்கள். அது ம்பிங்கோ. கருங்காலி என்று விற்றாலும் அது நம் ஈட்டி மரத்தின் இனம், தால்பெர்ஜியா. கிளாரினெட் செய்யும் மரமும் அதுதான். தூணின் அடியில் கரிய உள்மரத்தைச் சுற்றி வெளிர்மஞ்சள் பட்டையாகத் தெரிவது அதன் வெளிமரம். சாயம் பூசிய மரத்தில் இந்த எல்லைக்கோடு இப்படி வராது. இந்த இனம் முழுவதும் 2017 முதல் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இருப்பதையும், நாடு விட்டு நாடு அனுப்பும்போது விதிகளைப் பார்க்கச் சொல்லியும் ஒரு வரி எழுதியிருந்தார்கள்.

மானில்தான் சறுக்கினார்கள். கென்யாவின் கம்பா மக்களின் பாணி என்றார்கள், அது சரி. முதல் உலகப் போர்க் காலத்தில் இன்றைய டான்சானியாவில் செதுக்குவேலை கற்றுத் திரும்பிய முட்டிஸ்யா முங்கேயால் வமுன்யூ ஊரில் வேரூன்றிய தொழில் அது. ஆனால் மரமும் ம்பிங்கோ என்று எழுதிவிட்டார்கள். கையில் எடுத்தாலே சந்தேகம் வரும், அவ்வளவு லேசு. ம்பிங்கோ தண்ணீரில் மூழ்கும் மரம். பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டு வயிற்றுக்கு அடியில் துடைத்தேன். பஞ்சு கறுத்தது, உள்ளே வெளிர்பழுப்பு மரம் தெரிந்தது. ஷூ பாலிஷ்தான். பஞ்சைப் படமெடுத்து அனுப்பிய பிறகு திருத்தம் வர ஒன்பது நாள் ஆயிற்று. அவர்கள் படிவத்தில் எடைக்கு ஒரு கட்டமே இல்லை. இந்த வேலையில் அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். மூன்று சிற்பங்களையும் நான் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்திருந்தேன், கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மதிப்பை இரண்டாகப் பிரித்துத் தந்தது பிடித்தது: காப்பீட்டுக்கு ஒன்று, விற்றால் கிடைப்பது ஒன்று. இரண்டாவது, முதலாவதில் பாதிக்கும் கீழே. விற்க நினைப்பவர்கள் அதை மட்டும் பார்த்தால் போதும். சரியாகப் பார்க்காமல் விற்பதும் ஆபத்துதான். பிரான்ஸில் ஒரு முதிய தம்பதி 150 யூரோவுக்கு விற்ற, மத்திய ஆப்பிரிக்காவின் ஃபாங் மக்களுடைய முகமூடி, 2022-ல் மொன்பெலியே ஏலத்தில் 42 லட்சம் யூரோவுக்குப் போனது. வழக்குத் தொடுத்தும் 2023-ல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வரவில்லை.

அப்புறம் மனசு கேட்காமல் தூணை ம்வெங்கே சிற்பிகள் சந்தைக்கு எடுத்துப் போனேன். வயதான ஒரு சிற்பியிடம் "ஷிகாமோ, ம்ஸே" என்று வணங்கி நீட்டினேன். "மரஹபா" என்றவர் முகங்களைப் பார்க்கவே இல்லை. இரண்டு கையிலும் ஏந்தி எடை பார்த்தார், தலைகீழாகத் திருப்பினார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை ஒவ்வொரு ஆளின் கை மேலும் ஓட்டினார். மேலிருந்து மூன்றாவது பெண்ணிடம் விரல் நின்றது. முழங்கைக்குக் கீழே நகத்தால் கீறிக் காட்டினார். முடி அளவு ஒரு கோடு. உடைந்த கையைப் பசை வைத்து ஒட்டி, மரத்தூளும் மெழுகும் தேய்த்து மறைத்திருக்கிறார்கள்.

சேவையின் அறிக்கையில் "பழுது இல்லை" என்று இருக்கிறது. இரண்டாம் முறை எழுதியிருக்கிறேன், இந்தத் தடவை எடையையும் சேர்த்து.