ஐசிஏஐயிடம் கருத்துச் சொல்வது: எந்த வழி பலிக்கிறது?

இந்தியப் பட்டயக் கணக்காளர்களின் (சிஏ) அமைப்பான ஐசிஏஐயில் உறுப்பினர் பேச்சுக்கு மதிப்பு உண்டா என்று சிஏக்கள் அடிக்கடி கேட்பார்கள். எந்த வழியில், எந்தக் கட்டத்தில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தே பதில் அமைகிறது.

அதிகம் பலன் தருவது எக்ஸ்போஷர் டிராஃப்ட்தான். புதிய கணக்கியல் தரநிலை இறுதியாகும் முன் வரைவு வெளியாகும். யார் வேண்டுமானாலும் கருத்து அனுப்பலாம். "இது சிறு நிறுவனங்களுக்குச் சிரமம்" என்று மட்டும் எழுதினால் குழு அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. பத்தி எண், காரணம், மாற்று வாசகம் மூன்றும் வேண்டும். கையிருப்பைக் காலாண்டுதோறும் நேரில் எண்ணச் சொல்லும் ஒரு வரைவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். திருப்பூர் பனியன் கம்பெனியின் துணி பாதி சாயப்பட்டறையில் கிடக்கும். "பிறரிடம் உள்ள சரக்குக்கு அவர்களின் எழுத்துபூர்வ உறுதி போதும்" என்ற வரியை இன்ன பத்தியில் சேர்க்கலாம் என்று எழுதிக் கொடுங்கள். அப்படியே எடுத்தாளக்கூடிய வாக்கியத்துக்குத்தான் பலம்.

தேதி விஷயத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். சர்வதேசக் கணக்கியல் தரநிலைகளை வகுக்கும் ஐஏஎஸ்பி, தன் வரைவுகளுக்கு வழக்கமாக 120 நாள் அவகாசம் தரும். ஐசிஏஐ தன் கருத்தைத் தொகுத்து அங்கே அனுப்ப வேண்டியிருப்பதால், நமக்கான கடைசித் தேதி அதற்கு முன்பே முடிந்துவிடும்.

அன்றாடத் தொல்லைகளுக்கு ஐசிஏஐயின் இணையவழிக் குறைதீர்ப்புத் தளமான இ-சகாயதா போதும். டிக்கெட் எண்ணைக் குறித்து வையுங்கள். ஒரு டிக்கெட்டில் ஒரு பிரச்சினை மட்டும் எழுதுங்கள். இரண்டைக் கலந்தால் ஒன்றுக்குப் பதில் தந்து மூடிவிட வாய்ப்பு அதிகம்.

நடைமுறைச் சிக்கல்கள் திருந்தவே திருந்தாது என்று சொல்வது நியாயமல்ல. போலிக் கையெழுத்தைத் தடுக்க 2019இல் கட்டாயமான யுடிஐஎன்னையே எடுத்துக்கொள்ளுங்கள்; சிஏ கையெழுத்திடும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் எடுக்க வேண்டிய 18 இலக்கத் தனி அடையாள எண் அது. முதலில் கையெழுத்திட்ட 15 நாளுக்குள் எடுக்க வேண்டியிருந்தது. பின்னர் அது 60 நாளானது. மொத்தமாக எடுக்கும் வசதியும் வந்தது. சான்றிதழ் வேலை குவியும் சிறு அலுவலகத்துக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

தேர்தலை அலட்சியம் செய்யாதீர்கள். ஐசிஏஐயை நடத்தும் மத்தியக் கவுன்சிலில் தேர்ந்தெடுக்கப்படுவோர் 32 பேர் வரை. மாற்றத்தக்க ஒற்றை வாக்கு முறை என்பதால் 1 என்று மட்டும் போட்டு நிறுத்தாமல் 2, 3 என்று தொடர்ந்து வரிசையிடுங்கள். முதல் விருப்பத்துக்கு உரியவர் வெளியேறினாலும் வாக்கு அடுத்தவருக்குப் போகும்.

ஆனால் ஐசிஏஐ நம் பக்கம் நின்றாலும் போதாத இடம் ஒன்று உண்டு. பல நிறுவனங்கள் சேர்ந்த குழுமத்தின் ஆடிட் பற்றிய எஸ்ஏ 600 என்ற தணிக்கைத் தரநிலையின் திருத்தத்தை, சிறு நிறுவனங்களின் வேலை பறிபோகும் என்று 2024இல் அது எதிர்த்தது. தணிக்கையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான என்எஃப்ஆர்ஏ அப்படியும் அதைப் பரிந்துரைத்தது. கம்பெனிகளுக்கான தரநிலைகளில் இறுதி முடிவு மத்திய அரசுடையது. ஆகவே என்எஃப்ஆர்ஏ கருத்துக் கேட்கும்போது அதே கடிதத்தை அங்கேயும் நேரடியாக அனுப்பிவிடுங்கள்.